கூடுதல் அறை கட்ட வேண்டிய வீடு: வாங்குவதா, விடுவதா?

இப்படிப்பட்ட வீட்டுக்கு விற்பவர் சொல்லும் விலையில் இரண்டு பங்கு ஒளிந்திருக்கும். ஒன்று, இன்று நிற்கிற வீட்டுக்கு. மற்றொன்று, “மேலே தாராளமா ஒரு மாடி எடுக்கலாம்”, “பின்னாடி இடம் சும்மாதான் கிடக்கு” என்கிற வாய்ப்புக்கு. முதல் பங்கைக் கண்ணால் பார்த்துவிடலாம். இரண்டாவதைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், சோதித்து முடிக்கும்வரை அதற்கென்று ஒரு காசும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

சோதனைகளைச் செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். முதலில் டேப், பிறகு ஆவணங்கள், பிறகு பொறியாளரின் பார்வை, அதன் பிறகே குழி தோண்டுவதும் கான்கிரீட் சோதனையும். எந்தப் படியில் ‘முடியாது’ என்று தெரிகிறதோ அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அழகான வரைபடம் ஒன்றைப் போட்டுப் பார்த்து, மனதளவில் அதில் குடியேறிவிட்டு, பிறகுதான் மனையை அளக்கப் போகிறார்கள்.

உண்மையிலேயே இடம் போதவில்லையா?

இருக்கும் வீட்டை அளந்து ஒரு தாளில் வரையுங்கள். நடைவழி, யாரும் உட்காராத முன்னறை, பழைய பொருள் அடைத்த அறை, அளவுக்கு மீறிய வராந்தா எல்லாவற்றின் பரப்பையும் கூட்டுங்கள். பழைய வீடுகளில் இது மொத்தப் பரப்பில் கணிசமான பங்காக வரும். ஒரு சுவரை எடுத்து ஒரு கதவை இடம் மாற்றினால் தேவையான அறை கிடைத்துவிடுமானால், அது புதிதாகக் கட்டுவதைவிட மிகவும் மலிவு. பெரும்பாலும் அனுமதிச் சிக்கலும் குறைவு. ஆனால் எடுக்க நினைக்கும் சுவர் மேல்தளத்தின் எடையைத் தாங்குகிறதா என்பது தெரிந்த பிறகே இந்த முடிவு. நாலரை அங்குலச் சுவர் பொதுவாக மறைப்புச் சுவர். 9 அங்குலச் சுவர் தாங்கு சுவராக இருக்க வாய்ப்பு அதிகம். “பொதுவாக” என்பதை நம்பிச் சுத்தியலை எடுக்க வேண்டாம். தளம் எந்தத் திசையில் எந்தச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

டேப்பும் ஆவணமும்

மனையின் நான்கு பக்கத்தையும், இரண்டு மூலைவிட்டங்களையும் நீங்களே அளங்கள். மூலைவிட்டங்கள் சமமாக இல்லாவிட்டால் மனை செவ்வகம் அல்ல, பரப்புக் கணக்கு மாறும். பத்திரத்தில் உள்ள அளவோடு ஒப்பிடும்போது சுற்றுச்சுவரை எல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவர் உள்ளே தள்ளியும் இருக்கலாம், வெளியே தள்ளியும் இருக்கலாம்.

அடுத்து, உள்ளாட்சியின் கட்டட விதிகளில் நான்கு எண்கள் வேண்டும்: எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி, தரையில் கட்டடம் மூடக்கூடிய பரப்பு, எல்லாத் தளங்களும் சேர்ந்த மொத்தப் பரப்புக்கும் மனைப் பரப்புக்கும் உள்ள விகிதம், உயர வரம்பு. பலர் விகிதத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு: மனை 30-க்கு 80 அடி, அதாவது 2400 சதுர அடி. விகிதம் 1.5 என்றால் மொத்தம் 3600 சதுர அடி கட்டலாம். இருக்கும் வீடு 1100 தான், இன்னும் 2500 பாக்கி என்று தோன்றும். ஆனால் முன்னும் பின்னும் 10 அடி, பக்கங்களில் 5 அடி விட வேண்டும் என்று விதி இருந்தால், தரையில் கட்டக்கூடியது 20-க்கு 60 அடி, 1200 சதுர அடி மட்டுமே. பக்கவாட்டில் சேர்க்கக் கிடைப்பது 100 சதுர அடி, ஒரு சின்ன அறைக்குச் சமம். மீதி எல்லாம் மேலேதான் போக வேண்டும். மேலே போவதென்றால் கேள்வி மனையைப் பற்றியது அல்ல, அஸ்திவாரத்தைப் பற்றியது.

ஆவணங்களில் உரிமை, அடமானம், வாரிசுப் பங்கு ஆகியவற்றை வழக்கறிஞர் பார்ப்பார். விரிவாக்கத்துக்கென்று தனியாகக் கேட்க வேண்டியவை வேறு. இருக்கும் வீடு அனுமதி பெற்ற வரைபடத்தின்படிதான் கட்டப்பட்டிருக்கிறதா? அனுமதியில் இரண்டு அறை, தரையில் மூன்று அறை என்றால் அந்த மூன்றாவது அறை உங்கள் தலையில் விழும். மீறல் உள்ள கட்டடத்தின்மேல் புதிய அனுமதி கேட்டால் முதலில் பழையதைச் சரிசெய்யச் சொல்வார்கள், சில சமயம் இடிக்கவும் சொல்வார்கள். சாலை அகலப்படுத்தும் திட்டம் மனையின் முன்பகுதியைத் தொடுகிறதா, மின்கம்பி மேலே போகிறதா, பொதுக் கழிவுநீர்க் குழாய் பின்புறம் புதைந்திருக்கிறதா, பக்கத்து வீட்டாருக்கு வழி உரிமை இருக்கிறதா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். புதைந்த குழாயின்மேல் அறை கட்ட அனுமதிக்காத உள்ளாட்சிகள் உண்டு.

மேலே எடுப்பதென்றால்

“அஸ்திவாரம் இரண்டு மாடிக்குப் போட்டது” என்பது வீடு விற்கும்போது தவறாமல் வரும் வாசகம். கட்டமைப்பு வரைபடம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். ஃபுட்டிங் (சுவரோ பில்லரோ மண்ணில் உட்காரும் அகன்ற அடிப்பகுதி) அளவு, கம்பி விட்டம், எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். தாள் இல்லையென்றால் அந்த வாசகத்துக்கு மதிப்பில்லை.

சேரப்போகும் எடையை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால் இந்தக் கண்டிப்பு ஏன் என்று புரியும். 1000 சதுர அடி மாடி ஒன்று. 5 அங்குலக் கான்கிரீட் தளம் சுமார் 30 டன். மொத்தம் 150 அடி நீளத்துக்கு, 10 அடி உயரத்தில், 9 அங்குலச் செங்கல் சுவர். கதவு ஜன்னலைக் கழித்தால் ஏறத்தாழ 48 டன். தரை ஓடும் அதன் கீழ்க் கலவையும் 10 டன். ஆட்கள், மரச்சாமான்களுக்காகக் கணக்கில் எடுக்கும் எடை 18 டன். கூட்டினால் 100 டன்னைத் தாண்டும். அதோடு 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு டன். இவ்வளவும் ஏற்கெனவே நிற்கிற சுவர்களிலும் பில்லர்களிலும் இறங்கி மண்ணுக்குப் போக வேண்டும்.

வீடு சுவர்மேல் நிற்கிறதா, பில்லர்மேல் நிற்கிறதா என்று முதலில் கண்டுபிடியுங்கள். எல்லாச் சுவரும் 9 அங்குலமோ அதற்கு மேலோ இருந்து, மூலைகளில் பில்லர் துருத்தாமல் இருந்தால் பெரும்பாலும் தாங்கு சுவர் வீடு. இதில் மேல்மாடிச் சுவர்கள் கீழ்ச் சுவர்களின் நேர் மேலே வர வேண்டும். கீழே சமையலறை, மேலே பெரிய கூடம் என்று நினைத்தபடி மாற்ற முடியாது. பில்லர் வீட்டில் அந்தச் சுதந்திரம் உண்டு, ஆனால் பில்லரின் அளவே தடையாகலாம். 9-க்கு 9 அங்குலப் பில்லரில் 12 மி.மீ. கம்பி நான்கே நான்கு இருந்தால், அதைச் சுற்றிக் கூடுதல் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டுத் தடிப்பாக்கும் வேலை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் அளவுக்குப் பருமன் கூடும். கதவு, அலமாரி, தரை எல்லாம் உடைபடும். அஸ்திவாரம்வரை இறங்கிச் செய்ய வேண்டிய வேலை இது, கூலியாள் ஒருவர் சொல்லும் ‘சும்மா ஒரு பூச்சு’ அல்ல.

மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பில்லர் கம்பிகளைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். புதுக் கம்பி பழையதோடு சேர, கம்பி விட்டத்தின் 50 மடங்கு அளவுக்கு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும் என்பது பணியிடத்தில் வழங்கும் தோராயக் கணக்கு. 16 மி.மீ. கம்பிக்கு 80 செ.மீ., அதாவது இரண்டரை அடிக்குச் சற்றுமேல். ஓர் அடி நீட்டிவிட்டு விட்டிருந்தால் போதாது. பல ஆண்டு மழையில் துருவேறி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தால் செதில் செதிலாக உதிர்ந்து விட்டம் குறைந்திருந்தாலும் போதாது. தளத்துக்குள் துளையிட்டு ரசாயனப் பசையால் புதுக் கம்பி பொருத்தும் முறை உண்டு, ஆனால் கீழே உள்ள கான்கிரீட் நன்றாக இருந்தால்தான் அது பிடிக்கும்.

கான்கிரீட்டின் நிலையை அறிய மூன்று சோதனைகளைக் கேளுங்கள். கான்கிரீட்டின் மேற்பரப்பில் மோதும் கருவி எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்று பார்க்கும் சுத்தியல் எதிர்விசைச் சோதனை மலிவு, வேகம். ஆனால் பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு காற்றில் உள்ள கரியமில வாயுவால் கெட்டிப்பட்டிருப்பதால் உண்மையைவிட அதிக வலிமை காட்டிவிடும். அதனால் சில இடங்களிலாவது உருளைத் துண்டு வெட்டியெடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டும். மூன்றாவது, புதிதாக உடைத்த பகுதியில் ஃபீனால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பது. இளஞ்சிவப்பாக மாறும் பகுதி நல்லது. நிறம் மாறாத பகுதியில் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை போய்விட்டது. நிறமற்ற ஆழம் கம்பி இருக்கும் இடத்தை எட்டிவிட்டால் துரு தொடங்க ஈரம் மட்டும் போதும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். தளத்தின் அடியில் நேர்க்கோடாக ஓடும் விரிசலும், தட்டினால் டொக் டொக் என்று வெற்றொலி தரும் பூச்சும் இதன் அடையாளங்கள்.

பிறகு குழி. விற்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, இரண்டு இடங்களில் சுவரையோ பில்லரையோ ஒட்டி, ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு, ஃபுட்டிங்கின் அடிமட்டம் தெரியும்வரை மட்டும் தோண்டுங்கள். அதற்குக் கீழே ஓர் அங்குலம்கூடப் போகக் கூடாது. ஆழம், ஃபுட்டிங் அகலம், மண்ணின் வகை, ஊற்று இருக்கிறதா என்பதைக் குறித்துப் படம் எடுத்துவிட்டு, அன்றே அரை அடி அரை அடியாக மண் போட்டு நீர் தெளித்து இடித்து மூட வேண்டும். மழை நாளில் இந்த வேலை வேண்டாம். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி, ஆண்டுதோறும் அஸ்திவாரத்தை ஏற்றி இறக்கும் மண் அது.

எடையைக் குறைக்கவும் வழி உண்டு. காற்றடைத்த இலகு கான்கிரீட் கட்டிகள் செங்கல்லின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இரும்புச் சட்டமும் இலகுக் கூரையும் இன்னும் குறைக்கும். நில அதிர்வு வாய்ப்புள்ள இடமாக இருந்தால், எடை தாங்குவது மட்டுமன்றிப் பக்கவாட்டு அசைவுக்கும் முழு வீட்டையும் மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள்.

பக்கத்தில் சேர்ப்பதென்றால்

பழைய வீடு தன் எடைக்கு ஏற்ப இறங்க வேண்டியதை எல்லாம் ஏற்கெனவே இறங்கி முடித்திருக்கும். புதிய பகுதி இனிமேல்தான் இறங்கத் தொடங்கும். இரண்டையும் இறுக்கமாகக் கட்டி இணைத்தால், சேரும் இடத்தில் சில மாதங்களில் மேலிருந்து கீழாக விரிசல் விழும். ஆகவே புதிய பகுதியைத் தனிக் கட்டடம் போல நிறுத்தி, நடுவே 25 மி.மீ. அளவு இடைவெளி விட்டு, அமுங்கும் பொருளால் நிரப்பி, மழைநீர் புகாதபடி மூடுவதே பாதுகாப்பான முறை. புதுச் செங்கல்லைப் பழைய சுவரில் பல் வைத்துக் கோர்ப்பது அழகாகத் தெரியும், அவ்வளவுதான்.

புதுக் கடைக்காலைப் பழையதைவிட ஆழமாகத் தோண்ட வேண்டிய நிலை வந்தால் அது தனிப் பொறியியல் வேலை. பழைய ஃபுட்டிங்கின் அடியில் உள்ள மண் சரிந்தால் நிற்கிற வீடே இறங்கும். மேலே சொன்ன குழி இங்கேயும் உதவும்: பழைய அடிமட்டம் தெரிந்தால்தான் புதிய ஆழத்தை முடிவு செய்ய முடியும்.

பழைய விரிசல்கள்

புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டைப் பார்க்கும்போது அலமாரியின் உட்புறம், படிக்கட்டின் அடி, வெளிச்சுவரின் பின்பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். அங்கே யாரும் பட்டி போட்டிருக்க மாட்டார்கள். ஏடிஎம் அட்டை நுழையாத மயிரிழை விரிசல் பெரும்பாலும் பூச்சின் சுருக்கம். ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்ந்து ஏறி, ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகினால் அஸ்திவாரம் ஒருபக்கம் இறங்குகிறது. 5 மி.மீ.-ஐத் தாண்டிய விரிசல், பிடிக்கத் தொடங்கிவிட்ட கதவு, சாய்ந்த தரை மூன்றும் ஒரே மூலையில் சேர்ந்து இருந்தால், அந்த வீட்டின்மேல் மாடியைப் பற்றிப் பேசாதீர்கள். சுவரும் தளமும் சேரும் இடத்தில் கிடைமட்டமாக ஓடும் கோடு பெரும்பாலும் வெயிலில் தளம் விரிவதால் வருவது, அதற்காக வீட்டை விட வேண்டியதில்லை.

வரைபடத்தில் தெரியாமல் இடம் தின்பவை

முதல் திருடன் படிக்கட்டு. தளத்துக்குத் தளம் 10 அடி உயரம் என்றால் ஏறத்தாழ 6.7 அங்குல உயரத்தில் 18 படி வேண்டும். நடுவில் திரும்பும் படிக்கட்டாக, ஒரு பக்கத்துக்கு 10 அங்குல அகலத்தில் 8 மிதிபடி, 3 அடித் திருப்பம், ஏறத் தொடங்க 3 அடி என்று வைத்தால் நீளம் 12 அடி 8 அங்குலம். அகலம் ஆறரை அடி. கீழே சுமார் 80 சதுர அடி, மேலேயும் அதே அளவு. மாடியில் இரண்டு அறை கிடைக்கும்போது கீழே ஓர் அறை பாதியாகிவிடும் வீடுகள் நிறைய. வெளிப்புறப் படிக்கட்டு வைக்கலாம் என்றால் அது பக்க இடைவெளியில் விழுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது வெளிச்சம். பின்னால் ஓர் அறை சேர்த்தவுடன் முன்பு பின்னறையாக இருந்தது ஜன்னலில்லா நடு அறையாகிவிடும். ஜன்னல் பரப்பு அறையின் தரைப் பரப்பில் பத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது பல விதித் தொகுப்புகளில் வரும் அளவு. கூரை வெளிச்சமோ சிறு முற்றமோ விட்டால் அந்தப் பரப்பும் சேர்த்த இடத்திலிருந்து கழியும். இன்னொன்று: புது அறைக்குப் போக ஒரு படுக்கையறையைக் கடக்க வேண்டியிருந்தால் அந்தப் படுக்கையறை நடைவழிதான். ஓர் அறை சேர்த்து ஓர் அறையை இழக்கிறீர்கள்.

கழிவுநீர்தான் அதிகம் மறக்கப்படுவது. 110 மி.மீ. குழாய்க்கு 40-க்கு 1 என்ற சரிவு கொடுத்தால், புதுக் குளியலறையிலிருந்து 30 அடி தள்ளி இருக்கும் ஆள்துளைத் தொட்டியை அடைவதற்குள் குழாய் 9 அங்குலம் இறங்கும். அந்தத் தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே வெளியேறும் குழாயின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். ஆழம் போதாவிட்டால் புதுக் குளியலறையின் தரையை உயர்த்த வேண்டும், அல்லது மோட்டார் வைக்க வேண்டும், இரண்டுமே தொல்லை. கழிவுநீர்த் தொட்டியே நீங்கள் அறை கட்ட நினைத்த இடத்தில் இருப்பதும் அபூர்வமல்ல. பின்புறக் காலியிடம் இத்தனை நாள் காலியாக இருந்ததற்கு அதுவே காரணமாக இருக்கும்.

மின்சாரத்தில் பார்க்க வேண்டியது அனுமதிக்கப்பட்ட சுமை, புவி இணைப்பு, பழைய அலுமினியக் கம்பியா செம்புக் கம்பியா என்பவை. கூடுதல் சுமைக்குப் புது இணைப்பும் பழைய பகுதிக்குப் புது வயரிங்கும் சேர்ந்தே வரும்.

பணக்கணக்கு

சதுர அடிக்கு இவ்வளவு என்ற புதுக்கட்டட விலையை விரிவாக்கத்தில் போடாதீர்கள். சிறு வேலையில் இடிப்பு, குப்பை அகற்றல், பழையதோடு இணைப்பு, சரக்கை உள்ளே கொண்டுவரும் சிரமம் எல்லாம் குறைந்த பரப்பின்மேல் பங்கிடப்படும். குளியலறையோ சமையலறையோ இருந்தால் இன்னும் ஏறும். லாரி வீட்டு வாசல்வரை வருமா, இல்லை கம்பியும் மணலும் தலைச்சுமையாக வர வேண்டுமா என்பதைத் தெருவில் நின்றே பார்த்துவிடலாம்.

கணக்கை விலையிலிருந்து தொடங்காமல் முடிவிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். நீங்கள் விரும்பும் அளவில், அதே பகுதியில், கட்டி முடித்த வீடு உண்மையில் கைமாறிய விலை 100 என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் கேட்கும் விலை அல்ல, பதிவான விலை. விரிவாக்க மதிப்பீடு 30. எதிர்பாராததற்கு அதில் 20 சதவீதம், அதாவது 6. வரைபடம், பொறியாளர், அனுமதிக் கட்டணம் 3. பழைய பகுதியைச் சரிசெய்தலும் பெயின்ட்டும் 4. வேலை நடக்கும்போது வெளியே வாடகை, கடன் வட்டி 5. கழித்தால் 52. இது சமநிலை விலை. அந்த விலைக்கு வாங்கினால் ஓர் ஆண்டுத் தூசிக்கும் அலைச்சலுக்கும் உங்களுக்குக் கிடைப்பது எதுவுமில்லை, கட்டிய வீட்டையே வாங்கியிருக்கலாம். 45-க்கு அருகில் வந்தால்தான் யோசிக்கத் தகும். 60 கேட்டால், விற்பவர் உங்கள் மாடியையும் சேர்த்தே விற்கிறார்.

எதிர்பாராததற்கான தொகையைக் குறைக்காதீர்கள். பழைய பூச்சை உடைக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வங்கி இன்றைய வீட்டின் மதிப்புக்கே கடன் தரும் என்பதையும், கட்டுமானக் கடன் வேலை முடிய முடியத் தவணையாகவே வரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். முதல் கட்டத்துக்குக் கையில் பணம் இல்லாதவர் மூன்றாம் மாதத்தில் நிற்பார். அந்தத் தெருவிலேயே மிகப் பெரிய வீடு உங்களுடையதாகப் போகிறது என்றால், போட்ட பணம் முழுவதும் மறுவிற்பனையில் திரும்பாது.

இன்னொரு கேள்வி, பணத்தைவிட முக்கியம் என்றே சொல்லலாம்: ஒரு செங்கல்லும் சேர்க்காமல் இந்த வீட்டில் இரண்டு ஆண்டு இருக்க முடியுமா? அனுமதி தாமதமாகலாம், கடன் தள்ளிப்போகலாம். குழந்தை பிறக்கப்போகும் வீடு, படியேற முடியாத பெரியவர் இருக்கும் வீடு என்றால் பதிலை மழுப்ப வேண்டாம். முடியாது என்றால், மற்ற எல்லாச் சோதனைகளிலும் தேறினாலும் வேறு வீட்டைப் பாருங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன்

ஒப்பந்தத்தில் மூன்று வாசகங்களை எழுத வையுங்கள். பொறியாளர் உள்ளே வந்து துளையிடவும் குழி தோண்டவும் விற்பவர் சம்மதம். இருக்கும் கட்டடத்தில் அனுமதி மீறல் ஏதும் வெளிப்பட்டால் அதைச் சரிசெய்யும் செலவு விற்பவருடையது. குறிப்பிட்ட தேதிக்குள் கட்டமைப்பு அறிக்கையோ விரிவாக்க அனுமதியின் முதற்கட்டக் கருத்தோ பாதகமாக வந்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும். மூன்றாவதை விற்பவர் ஏற்க மறுப்பது இயல்பு, அவருக்கும் காத்திருக்க முடியாமல் இருக்கலாம். அப்போது சோதனைச் செலவை நீங்களே ஏற்று, முன்பணத்துக்கு முன்பே இரண்டு மூன்று வாரத்தில் முடித்துவிடுவதாகச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் சம்மதிக்காமல், “வேற ஆள் காத்திருக்காங்க” என்று மட்டும் சொன்னால், விலையை இன்று நிற்கும் வீட்டுக்கு மட்டும் பேசுங்கள். மாடிக்கான பங்கைக் கழித்துவிட்டு, இரண்டு ஆண்டுக் கேள்விக்கு ‘முடியும்’ என்று பதில் இருந்தால் மட்டும் மேற்கொண்டு போகலாம்.